டிஜே செல்விக்கு வந்த இரண்டாவது எச்சரிக்கை

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டுத் தையல் மெஷின் பாதி ஜாக்கெட்டில் நின்றுவிட்டது. மெஷினுக்கு ஒன்றுமில்லை. செல்வியின் போனுக்கு இங்கிலீஷில் ஒரு மெயில் வந்திருந்தது.

செல்வி என் மனைவி. வலியசாலையில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். இன்னொரு விஷயத்தை இத்தனை வாரமாக உங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்... கூச்சம்தான். என் மனைவி ஒரு டிஜே.

சிரிக்காதீர்கள். மூன்று வருஷமாக, தையல் முடிந்த மத்தியானங்களில் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துப் பல்லவியை இங்கே வெட்டி, சரணத்தை அங்கே ஒட்டி, அடியில் ஒரு தாளத்தை ஓடவிடுவாள். ஜாக்கெட் வெட்டுவதும் இதுவும் ஒன்றுதான் என்பாள். பிறகு பாட்டு கேட்கிற ஆப் ஒன்றில் 'டிஜே செல்வி' என்ற பெயரில் ஏற்றிவிடுவாள். எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் பெண்கள் ஓணத்துக்கு ஆடுவது அவளுடைய ரீமிக்ஸுக்குத்தான். இந்த வருஷத்து ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று ஏற்பாடாகியிருந்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷ் மெயில் எனக்கு எங்கே புரியும்? மாடியில் குடியிருக்கும் பிந்துவைக் கூப்பிட்டோம். வக்கீல் ஆபீஸில் டைப் செய்கிற பெண். படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கியது. பாட்டின் உரிமை வைத்திருக்கும் கம்பெனி புகார் கொடுத்திருக்கிறது. இந்த வருஷத்து ஓண ரீமிக்ஸையே ஆப்காரர்கள் எடுத்துவிட்டார்கள். இது இரண்டாவது எச்சரிக்கை. முதலாவதைப் படிக்கத் தெரியாமல் விட்டிருந்தோம். மூன்றாவது வந்தால் அக்கவுண்டே இருக்காது.

"அப்போ நானே செஞ்ச சத்தமெல்லாம்?" என்று கேட்டாள் செல்வி.

அப்படியும் சில உண்டு. சினிமாப் பாட்டே இல்லாதவை. தகர ஷீட்டில் விழும் மழை, தையல் மெஷினின் ஓட்டம்... இதையெல்லாம் கோத்து அவள் செய்த எட்டோ ஒன்பதோ. எங்கிருந்தோ சிலர் தேடி வந்து அவற்றைக் கேட்கிறார்கள். யாரென்றே தெரியாத அந்தச் சிலர்மேல் அவளுக்கு அத்தனை பிரியம். எல்லாம் சேர்ந்து போய்விடும் என்றாள் பிந்து.

எனக்குத் தாங்கவில்லை. நாம் ஒன்றும் ஒளித்துச் செய்யவில்லையே? ஒவ்வொரு ரீமிக்ஸுக்குக் கீழும் நானே சொல்லி எழுத வைத்திருக்கிறேன் — 'பாட்டு எங்களுடையது அல்ல. உரிமை உடையவர்களுக்கே. ஆசைக்குச் செய்தது.' பத்துப் பைசா வாங்கியதும் இல்லை.

காசு வாங்காதது ஒரு காரணமே ஆகாதாம். நான் எழுதியதைப் பிந்து இரண்டு தடவை படித்தாள்.

"சேட்டா, எடுத்தது நாங்கதான்னு நீங்களே எழுதிக் கையொப்பும் போட்டுக் கொடுத்திருக்கு," என்றாள்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தையல் மெஷினைப் பார்த்தேன்.

ஏன் அப்படி எழுதினேன்? ஆரியசாலையில் நான் வேலை பார்க்கும் மிளகாய் வத்தல் மொத்தக் கடையில் அதுதான் வழக்கம். சரக்கு தீர்ந்துவிட்டால் பக்கத்துக் கடையைப் பார்த்து, "அண்ணாச்சி, ரெண்டு சாக்கு எடுக்கேன்" என்று ஒரு குரல். அவ்வளவுதான். சொல்லிவிட்டு எடுத்தால் தப்பில்லை என்றே இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிந்து போன பிறகுதான் உறைத்தது. குரல் கொடுத்துவிட்டு நான் நிற்பேன். அண்ணாச்சி தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் சாக்கில் கை வைப்பேன். அந்தத் தலையாட்டலை எப்படி மறந்தேன்?

கம்பெனிக்கு எழுதி அனுமதி கேட்கலாம்தான். பாட்டு எழுதியவர், இசை அமைத்தவர், பதிவை வைத்திருப்பவர் என்று நீளமான வரிசையாம். ஞாயிறுக்குள் நடக்கிற காரியமா?

செல்வி உட்கார்ந்து சினிமாப் பாட்டு ரீமிக்ஸ்களை ஒவ்வொன்றாக அழித்தாள், தையல் பிரிப்பதுபோல. எங்கள் கல்யாண நாளுக்குச் செய்த ரீமிக்ஸ் வந்தபோது, இதாவது இருக்கட்டுமே என்றேன்.

"உங்களுக்குன்னா நானே பாடிக் காட்டுதேன். போதாதா?" என்று சொல்லி அதையும் அழித்தாள்.

மிஞ்சியதில் ஒன்று, எங்கள் கடைத் தெருவில் எடுத்தது. சுமட்டுக்காரர் மணியண்ணன் லாரியிலிருந்து சாக்கு இறக்கும்போது கூட்டாளிகளுக்குக் கொடுக்கும் குரல். எனக்குச் சோறு கொண்டுவந்த ஒருநாள் போனில் பிடித்திருக்கிறாள். பெண்கள் ஆடுவதற்கு இது போதும் என்றாள். பிறகு அவள் விரல் நின்றது.

"இது அவர்ட்ட கேட்டா எடுத்தேன்? நீங்க போய்க் கேளுங்க."

நானா? மணியண்ணனும் நானும் ஒரே தெருவில் இத்தனை வருஷம் இருக்கிறோம். 'சாப்டாச்சா' என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. புதன் போயிற்று. வியாழனும் போயிற்று. வெள்ளிக்கிழமை அவர் டீ குடிக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். ஓண ஆட்டத்துக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இயர்போனை நீட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார். அப்புறம் நெற்றியைச் சுருக்கினார். முடிந்தது என்று நினைத்தேன்.

"மூணாவது விளி கழிஞ்சா நான் ஒரு மூச்சு எடுப்பேன். அதை வெட்டிக் களைஞ்சிருக்கு. மூச்சு எடுக்காம ஆராவது சாக்கு தூக்குவானா? அதைத் திரும்ப வைக்கச் சொல்லு. பின்னே ஆடிக்கோங்க," என்றார். தலையையும் ஆட்டினார்.

சனிக்கிழமை செல்வியே நேரில் வந்து மறுபடி பதிவு செய்தாள். மறுநாள் ஆட்டத்தில் மூன்றாவது குரல் முடிந்ததும் பெண்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஒரு மூச்சு நேரம் பந்தலே அமைதியாக இருந்தது. பின்வரிசையில் மணியண்ணன் மட்டும் நெஞ்சு நிமிர மூச்சை இழுத்துவிட்டார். அடுத்த குரலுக்கு எல்லாக் கால்களும் ஒன்றாக இறங்கின.

அக்கவுண்ட் இருக்கிறது. அந்தப் பதிவுக்குக் கீழே இப்போதும் நான்தான் எழுதியிருக்கிறேன்:

'குரல் — மணியண்ணன். கேட்டோம். தலையாட்டினார்.'