வெள்ளிக்கிழமை வாய்தாக்கள்

பூந்தமல்லி கோர்ட்டில் இருபது வருடம் கறுப்புக் கோட்டு போட்டவன் நான். ஏன் இப்போது போடுவதில்லை என்று யாராவது கேட்டால், ஒரு கேஸில் சின்னக் கவனக்குறைவு என்று சொல்லி நழுவிவிடுவேன். அது சின்னதும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. இங்கேயாவது உள்ளதைச் சொல்கிறேன்.

அந்த அம்மா திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை செய்தவர். கணவர் இறந்த கையோடு கணவரின் அண்ணன், வீடு தன்னுடையது, காலி செய் என்று வழக்குப் போட்டார். இரண்டே அறை, மேலே ஷீட் கூரை. வரி ரசீதும் கரண்ட் பில்லும் கணவர் பெயரில்தான் இருந்தன. பதில் மனு போட்டு ஒழுங்காக நடத்தியிருந்தால் வீடு கையை விட்டுப் போயிருக்காது.

நான் போடவில்லை. அதற்கான கடைசி வாய்தா அன்று எனக்கு அம்பத்தூர் கோர்ட்டில் வேறு வேலை. பூந்தமல்லியில் இருந்த நண்பரை அவகாசம் கேட்கச் சொல்லலாம் என்று நினைத்தேன், மறந்துபோனேன். எங்கள் தரப்பு வரவில்லை என்று பதிவாகி, அடுத்த மாதமே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. முப்பது நாளுக்குள் மனுப் போட்டு அதை மாற்றியிருக்கலாம். ஆனால் தப்பு என்னுடையது என்று அந்த அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று முப்பது நாளும் ஓடிப்போயின.

கேஸ் என்ன ஆச்சு என்று அவர் வந்து கேட்டபோது, என் விசிட்டிங் கார்டின் பின்னால் ஒரு தேதியை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாய்தா என்றேன். முடிந்துபோன வழக்குக்கு வாய்தா.

எங்கள் கோர்ட்டில் இது சகஜம். கட்சிக்காரர்கள் பலருக்கு வழக்கு எண் தெரியாது. வக்கீல் கார்டின் பின்னால் எழுதித் தரும் தேதிதான் தெரியும். எண் கையில் இருந்தால் போனிலேயே வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அதனால்தான் கடைசிவரை நான் அதைக் கொடுக்கவில்லை.

முதல் தேதி ஒரு புதன்கிழமை. கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, மற்ற நாளில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் கத்துவார், வெள்ளிக்கிழமையாகக் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கென்ன, எழுதுகிறவன் நான்தானே. அதற்குப் பிறகு எல்லாமே வெள்ளிக்கிழமைதான். இதில் எனக்குப் பெருமை வேறு. ஏமாற்றும்போதுகூட இரக்கம் பார்க்கிற மனுஷன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து வராண்டாவில் நிற்பார். டவாலி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். மத்தியானம் வரை நிற்கவிட்டு நான் போய், ஜட்ஜ் லீவு என்பேன். கேஸ் கட்டு வரவில்லை என்பேன். சரி சார் என்று கும்பிட்டுவிட்டுக் கார்டை வாங்கிக்கொண்டு போவார். இப்படிப் பதினான்கு மாதம்.

ஒரு நாள் தீர்ப்பை நிறைவேற்ற கோர்ட் அமீனா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை எங்களுக்கு வாய்தா இருக்கிறது என்று அந்த அம்மா என் கார்டைக் காட்டினாராம். அமீனா ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். காட்டுப்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டும் அந்த அம்மாவின் தம்பி, அமீனாவின் காகிதத்திலிருந்த எண்ணைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தான்.

"பதினாலு மாசமா எங்க அக்காவ வரவச்சு இன்னாத்த காட்டிகினு இருந்த நீ?" என்றான்.

அவர்கள் வேறு வக்கீல் வைத்துத் தடை வாங்கினார்கள். பார் கவுன்சிலில் என் மேல் புகாரும் கொடுத்தார்கள். வழக்கை மறுபடி எடுக்க வேண்டுமானால், இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று கோர்ட் கேட்கும். தப்பு என்னுடையது என்று நான் ஒப்புக்கொண்டால் வீடு பிழைக்கும். மறுத்தால் என் கோட்டு பிழைக்கும். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டேன். வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் என்னை வந்து பார்க்கவே இல்லை என்று பதில் எழுதினேன்.

விசாரணைக் குழுவில் மூன்று மூத்த வக்கீல்கள் இருந்தார்கள். அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து பதினான்கு கார்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். அதற்கும் பதில் வைத்திருந்தேன்: அவை ஆபீசுக்கு வரச்சொன்ன தேதிகள், இவர்தான் வரவில்லை. நாக்கூசாமல் சொன்னேன். தலைவர் போனில் காலண்டரைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் கார்டைத் தவிர எல்லாமே வெள்ளிக்கிழமையாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்கு முன்னால் அந்த அம்மா பேசினார். தீர்ப்பை நான் மறைத்தது அவருக்குத் தெரியும். வாய்தாவே கிடையாது என்பது அவருக்கு அதுவரை உறைக்கவில்லை.

"மத்ததுல இன்னா பண்ணாரோ, அது வேற. இத்த சொல்லாம இருக்கக்கூடாது சார். எனக்கு வெள்ளிக்கெழமதான் லீவுன்னு, ஜட்ஜு கையில சொல்லி அந்த நாளாவே வாய்தா வாங்கிக் குடுத்தாரு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கேக்குற கெழமையில வாய்தா தர்ற கோர்ட் எதுங்க? எனக்கும் சொல்லுங்க."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கார்டுகளை மேஜையிலிருந்து எடுக்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு. மனசாட்சி விழித்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். பதிலை வாபஸ் வாங்கிக்கொண்டு, நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடம் தொழில் செய்யக்கூடாது என்றார்கள். அந்தக் காகிதத்தை வைத்து அவருடைய வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது.

போன மாதம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் கம்பெனி உடுப்போடு நின்றிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவராகவே கிட்டே வந்து, பதில் மனு போட்டாகிவிட்டது, வழக்கு எண் தனக்கு மனப்பாடம் என்று சொல்லி, அதை ஒப்பித்தும் காட்டினார். அடுத்த வாய்தா என்றைக்கு என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"செவ்வாக்கெழம," என்றார். "லீவு போட்டுத்தான் வரணும். இது நெஜ வாய்தாவாச்சே சார்."