ஏழு வீட்டுப் பஞ்சு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸ் வீடுகளில் யாராவது செத்துப்போனால், சங்கு ஊதுகிறவனுக்கு ஆள் போவதற்கு முன்பே வள்ளியம்மாவுக்கு ஆள் போய்விடும். அவள் தள்ளுவண்டியோடு வந்து பின்பக்கச் சந்தில் நிற்பாள். பாடை வாசலைத் தாண்டியதும், செத்தவர் படுத்த பாய், தலையணை, கட்டியிருந்த துணி எல்லாம் பின்வாசல் வழியாக வந்து விழும். யாரும் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை. காலால் தள்ளிவிடுவார்கள், கதவைச் சாத்திவிடுவார்கள். அவள் அதை அள்ளிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் எரித்துவிட வேண்டும். இரண்டு படி அரிசியும் ஒரு தேங்காயும் கூலி.

மற்ற நாட்களில் அவள் வெறும் குப்பைக்காரி. போத்தல், மண்ணெண்ணெய்த் தகரம், பால் டின், கோணி, கந்தல் என்று வீடு வீடாகப் பொறுக்கிவந்து, கிள்ளான் ஆற்றோரம் இருந்த தன் கொட்டகையில் தனித்தனியாகப் பிரித்துப் போடுவாள். போத்தலைக் கழுவிச் சீனன் கடைக்கு, தகரத்தைத் தட்டி நிமிர்த்திக் கூரை போடுகிறவர்களுக்கு, கோணியைத் தைத்துக் கரி வியாபாரிக்கு. ஊர் வேண்டாம் என்று எறிந்ததை ஊருக்கே திருப்பிக் கொடுத்துப் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டாள். முதுகு மட்டும் அதற்கு இரண்டு பங்கு வருஷம் ஓட்டியிருந்தது.

முப்பத்தொன்றாம் வருஷம் வியாபார மந்தம் வந்தது. ரப்பர் தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், கூலிகளைக் கப்பல் கப்பலாகச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஜனங்கள் குப்பை போடுவதையே நிறுத்திவிட்டார்கள். காலி டின்னைக்கூட யாரும் வெளியே எறியவில்லை. குறையாமல் வந்தது சாவு ஒன்றுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வள்ளியம்மா பாயை எரிப்பாள். துணியை எரிப்பாள். தலையணை உறையைக் கிழித்து எரிப்பாள். கோட்டர்ஸ்காரர்கள் கண்ணில் படும்படி நன்றாகப் புகைய விடுவாள். ஆனால் உள்ளே இருக்கும் இலவம்பஞ்சை எரிக்கமாட்டாள். மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ரயில் கரித்தூளைக் கையால் பொறுக்கியெடுத்து, மூட்டை கட்டி, மெத்தைக்கடை யூனுஸ் பாயிடம் கொண்டுபோய்ப் போடுவாள்.

"பஞ்சு எங்கேருந்தும்மா?" என்று யூனுஸ் பாய் முதல் தடவை கேட்டார்.

"மரத்துலேருந்துதான் பாய். பஞ்சு வேற எங்கேருந்து வரும்?"

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

இந்தப் பழக்கத்தை அவள் தொடங்கியது அவள் புருஷன் அய்யாவு செத்த அன்றுதான். செங்கல் சூளையில் வேலை பார்த்தவன், வயிற்றுப்போக்கில் இரண்டே நாளில் போய்விட்டான். அவன் பாயையும் தலையணையையும் தூக்க ஒருவரும் வரவில்லை. இவளே தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். தீ வைக்கும்போது பஞ்சைப் பார்த்தாள். வெள்ளைவெளேரென்று நல்ல பஞ்சு. வீட்டில் அரிசி இல்லை. அழுதுகொண்டே பிரித்து எடுத்தாள். அந்தப் பஞ்சு இப்போது எந்த ஊரில் யார் தலைக்கடியில் இருக்கிறதோ, அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் விரும்பியதும் இல்லை.

மந்தத்தில் யூனுஸ் பாயும் பஞ்சு வாங்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார். ஏழு வீட்டுப் பஞ்சு கொட்டகையில் தேங்கிப்போனது. துரை வீட்டில் கழித்த கொசுவலையை மேலே விரித்து, கீழே பஞ்சைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். அந்தப் பஞ்சு விற்ற காசுதான் வரப்போகும் மாதங்களுக்கு அவள் கஞ்சி.

ஒருநாள் காலை இராமலிங்கம் வந்தான். ரயிலில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். நைட் வேலை முடித்து, நீலக் கோட்டோடும் கைவிளக்கோடும் நேராக இங்கே வந்திருந்தான். அவன் மனைவி சந்திரகலா காய்ச்சலில் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. குழந்தை குட்டி இல்லை.

"அக்கா, எங்க வீட்டுத் தலகாணிய என்ன பண்ணீங்க?"

வள்ளியம்மா வலையின் மேல் கோணியை இழுத்து மூடினாள். "எரிச்சிட்டேன் தம்பி. வேற என்ன பண்ணுவாங்க?"

அவன் தலையாட்டினான். ஆனால் போகவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த தகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"எரிச்சிருப்பீங்கன்னு தெரியும். இருந்தாலும் கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன். பதினோரு வருஷம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தலகாணி அக்கா. இன்னொன்னு வாங்கலாம்னு நான் சொன்னா, ஏன் காசு கூடிப்போச்சான்னு கேப்பா. அன்னைக்கி நான் கொள்ளிச்சட்டி எடுத்துக்கிட்டு முன்னால போயிட்டேன். பின்னால என்னத்த எறிஞ்சாங்கன்னு பாக்கல."

அவள் ஒரு போத்தலை எடுத்துத் துடைத்தாள்.

"யூனுஸ் பாய் கடைல ஒன்னு வாங்கினேன். படுத்தா தூக்கம் வரல. யாரோ ஏற்கெனவே படுத்தது மாதிரி இருக்கு. முந்தாநேத்து பாயிண்ட் மாத்த மறந்து நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். நல்லவேளை, காலி கூட்ஸ் வண்டி, டிரைவர் பாத்து நிறுத்திட்டான். ஆளுங்க ஏறுன வண்டியா இருந்தா?"

யாரோ ஏற்கெனவே படுத்தது என்று அவன் சொன்னபோது வள்ளியம்மா போத்தலைக் கீழே வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கே கோட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு எந்த வீட்டிலும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். யூனுஸ் பாய் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாமல் விட்டால் ஒன்றும் ஆகாது, இவன் எழுந்து போய்விடுவான். ஆனால் பொய்யைக் கட்டிக் காப்பாற்றவும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறதே. அய்யாவுவின் பஞ்சை விற்ற நாளிலிருந்து அவள் அதைச் சுமந்துகொண்டிருந்தாள். அலுத்துவிட்டது.

"எரிக்கல தம்பி," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பாயையும் உறையையும்தான் எரிச்சேன். பஞ்ச எரிக்கல. யாரோடதயும் எரிக்கறதில்ல. கழுவுற போத்தல் மாதிரி, இதையும் காயவெச்சு யூனுஸ் பாய்க்குப் போட்டுடுவேன்."

அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். அவன் கேட்டது வேறு.

"எங்க இருக்கு?"

கோணியை விலக்கி, வலையைத் தூக்கிக் காட்டினாள். "ஏழு வீட்டுது. எல்லாம் கலந்துபோச்சு. எது உங்க வீட்டுதுன்னு என்னால சொல்ல முடியாது. ஒரு தலகாணிக்கு வேண்டியத அள்ளிக்கிட்டுப் போ."

இராமலிங்கம் மண்டியிட்டு ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தான். வெயில் வாசமும் கரி வாசமும்தான் வந்திருக்க வேண்டும். கீழே போட்டுவிட்டு வேறு பக்கத்தில் அள்ளினான். மறுபடியும் வேறு பக்கம். பஞ்சு அவன் கோட்டெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல் வள்ளியம்மா ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, நான் அள்ளுறதுல அவ இல்லாம, மிச்சத்துல இருந்துட்டா?"

வள்ளியம்மா திரும்பி வந்து சிதறிய பஞ்சைக் கூட்டிச் சேர்த்தாள்.

"முழுசையும் குடுங்க."

"பைத்தியமா உனக்கு? ஏழு வீட்டு எழவையும் வீட்டுக்குள்ள கொண்டுபோய் வெப்பியா?"

"ஏழுல ஒன்னு என்னுது."

வள்ளியம்மா தன் கஞ்சியை ஒரு தடவை நினைத்தாள். பிறகு தானே குனிந்து பஞ்சை அமுக்கி அமுக்கி மூட்டை கட்டினாள். தூக்கி அவன் தலையில் ஏற்றியும் விட்டாள். கனமே இல்லை, ஆனால் பருமன். "பின்சந்து வழியா போ தம்பி," என்று கெஞ்சினாள்.

அவன் கேட்கவில்லை. கோட்டர்ஸின் நடுப்பாதையிலேயே நடந்தான். மனசு கேளாமல் அவளும் தள்ளுவண்டியோடு பின்னால் போனாள். குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் தண்ணீருக்கு நின்றார்கள். அவர்களில் தங்கமணியும் இருந்தாள். ரயில் கார்டின் மனைவி, எச்சில் தம்ளரை இரண்டு தரம் கழுவுகிறவள், அன்று சந்திரகலாவின் தலையணையைக் காலால் தள்ளிவிட்டவளும் அவள்தான்.

"என்ன அண்ணே, காலையிலேயே மூட்டை? குப்பைக்காரிகிட்டேயா வாங்கிட்டு வரீங்க?"

"எங்க வீட்டுக்காரி," என்றான் இராமலிங்கம்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

அவனுக்குக் கோபமும் இல்லை, யாரையும் மாட்டிவிடும் எண்ணமும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறவன் போலச் சொன்னான்: "அக்கா பஞ்ச எரிக்கலயாம். யாரோடதயும் எரிக்கறதில்லயாம். யூனுஸ் பாய்க்குப் போட்டுடுவாங்களாம்."

சொல்லிவிட்டு நடந்துபோய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்து, மூட்டையைப் பக்கவாட்டில் திருப்பி, மெதுவாக உள்ளே கொண்டுபோனான்.

கோட்டர்ஸில் யூனுஸ் பாய் கடைத் தலையணை இல்லாத வீடே கிடையாது. குழாயடியில் குடம் நிரம்பித் தண்ணீர் வழிந்தோடியது, யாரும் நிறுத்தவில்லை. வள்ளியம்மா தள்ளுவண்டியைப் பிடித்தபடி தலைகுனிந்து, வரப்போகும் வசவுக்காக நின்றாள். நேரமாகியும் ஒன்றும் வராததால் நிமிர்ந்து பார்த்தாள். தங்கமணியின் கை மெல்ல மேலே போய்த் தன் பிடரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.