கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

பாட்டும் பேச்சும் பதிவுசெய்கிற கம்ப்யூட்டர்களை வேகமாக்கித் தருவது ஹட்டனில் என் பிழைப்பு. இதே தொழிலில் முடி கொட்டியவர்களுக்குத் தெரியும், மெஷின் ஒன்று சொல்லும், அதன் சொந்தக்காரர் வேறொன்று சொல்வார்.

குளிர் காய்ச்சல்

வட்டகொடையிலிருந்து சந்திரன் அண்ணன் போன் பண்ணினார். தேயிலைத் தோட்டத்துத் திருவிழா அறிவிப்புகளை வீட்டிலேயே பதிவுசெய்து கொடுப்பவர். அவர் மனைவி புஷ்பம் அக்கா திங்கட்கிழமை குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்புகிறார். நாலு வயது மகளோ கதை கேட்காமல் தூங்க மாட்டாள். போவதற்குள் அக்கா குரலில் கதைகளைப் பதிந்து வைக்கலாமென்றால், பாதிக் கதையில் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறதாம். "அது ஃப்ரீஸ் ஆகுதுண்ணே, நாளைக்கு வர்றேன்" என்றேன்.

மறுநாள் போனால், கம்ப்யூட்டர் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! காற்றோட்டமே இல்லாமல், தொட்டால் கை சுடுகிறது. சூடேறினால் மெஷின் இன்னும் மெதுவாகும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கதானே தம்பி ஃப்ரீஸ் ஆகுதுன்னீங்க? இந்தக் குளிருல நாங்களே கம்பளிக்குள்ளதான கெடக்குறோம்!"

பின்னால் ஓடுகிற வேலைகள்

கம்பளியை உருவி, விசிறியின் தூசியைத் தட்டிய பிறகும் குரல் விட்டுவிட்டுத்தான் பதிந்தது. உள்ளே பார்த்தால் கேம், கல்யாண வீடியோ, ஒன்றுக்கு இரண்டாக வைரஸ் காவல்காரர்கள், எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக நிறுத்தினேன். "பின்னால இத்தன வேல ஓடுனா மெஷின் எப்படிக்கா ஒழுங்கா ஓடும்?" விடியலில் சமைத்து, மகளைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டு, நாள் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு வந்திருந்த அக்கா சிரித்தார். "அப்புடிப் பாத்தா நான் எப்பவோ நின்னு போயிருக்கணுமே தம்பி!"

இரைச்சல்

ஒரு வழியாகக் கதைகள் தடங்கலில்லாமல் பதிந்தன. ஆனால் மடியிலிருந்த மகள் வரிக்கு வரி "அப்புறம்?" "அப்புறம்?" என்று குறுக்கே பேசியிருந்தாள். சும்மா இருப்பேனா? அத்தனையையும் துண்டு துண்டாக வெட்டி, தனித்தனி ஃபைலாக்கி அழித்து, நரிக் கதையைச் சுத்தமாக்கிப் போட்டுக் காட்டினேன்.

அக்கா கடைசிவரை கேட்டார். வெட்டினதெல்லாம் எங்கே என்றார். கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டியில் கிடக்கிறது என்றேன். "புள்ளைக்கு இது போதும் தம்பி. அந்த 'அப்புறம்' எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து என் போன்ல போட்டு வுடுங்க, நான் அங்க கேக்கணும்."

குப்பைத் தொட்டியை அன்றன்றே காலி செய்தால்தான் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், அன்று சோம்பலில் அதைச் செய்யாமல் விட்டதுதான் இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த வேலை.