அக்காவின் மெசேஜ்களும் எட்டாவது பாட்டும்

எங்கள் ஆல்பத்தில் முதலில் எட்டுப் பாட்டு இருந்தது. வெளியானபோது ஏழுதான். எட்டாவது என்னவாயிற்று என்று கேட்டவர்களிடம் "சரியா வரல" என்று சொல்லி வந்தேன். அது பொய். எல்லாவற்றிலும் நன்றாக வந்த பாட்டு அதுதான்.

நாங்கள் மூன்று பேர். நான் கித்தார் வாசிப்பேன், வரிகள் எழுதுவேன். பகலில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. டிரம்ஸ் வாசிப்பவன் என் பள்ளித் தோழன். அவன் குடும்பம் நாசி கண்டார் சோற்றுக் கடை நடத்துகிறது. மதியக் கூட்டம் கலைந்த பிறகுதான் வருவான், சட்டையில் குழம்பு வாசனையோடு. பாடுகிறவள் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவள். பாயான் பாருவில் இருக்கும் அவளுடைய பிளாட்டில், ஓர் அறையின் சுவர்களில் மெத்தைகளைச் சாய்த்து நிறுத்தி ரெக்கார்ட் செய்தோம். ஏர்கான் சத்தம் மைக்கில் விழும் என்று அணைத்துவிடுவோம். ஒரு பாட்டு முடிவதற்குள் மூவருக்கும் சட்டை நனைந்துவிடும்.

எல்லாப் பாட்டுகளும் போனுக்குள் நாம் வாழ்கிற வாழ்க்கையைப் பற்றியவை. இரண்டு நீலக் குறிகள் விழுந்தும் பதில் வராத ஒரு பிற்பகலைப் பற்றி ஒன்று. இறந்துபோன நண்பனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லும்படி வருடா வருடம் நினைவூட்டும் பக்கத்தைப் பற்றி ஒன்று. சாப்பாடு கொண்டுவருகிறவரின் மோட்டார் சைக்கிள், வரைபடத்தில் ஒரு புள்ளியாக நகர்ந்து வந்து பாதி வழியில் நின்றுவிடுவதைப் பற்றி ஒன்று. ஆல்பத்துக்குக் 'கடைசியாகப் பார்த்தது' என்று பெயர் வைத்தோம்.

எட்டாவது பாட்டு என் அக்காவிடமிருந்து வந்தது.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு பாகான் டாலாம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவள் லைன் லீடர். அவளுக்குக் கீழே இருபது பெண்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "தம்பியப் படிக்க வச்சதுலயே வயசு போயிருச்சு" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அக்காவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அப்படிச் சொன்ன ஒரு சித்தியின் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஒரு கட்டத்தில் அவள் முகம் மாறியது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது போனைப் பார்த்துச் சிரிப்பாள். புதிதாக இரண்டு சுடிதார் தைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம் எதையும் கேட்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. பிறகு ஒரு நாள் வேலைக்கு லீவ் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கப்பலில் எஞ்சினியர், மனைவியை இழந்தவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரோடு பதினான்கு மாதங்களாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கணக்கு காணாமல் போயிருந்தது. படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம். அவள் பணமும் போயிருந்தது. ஆனால் அவள் அழுதது பணத்துக்காக இல்லை.

போலீஸ் ரிப்போர்ட்டுக்கு மெசேஜ்களை அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அக்காவுக்கு அதை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. போனை என் கையில் கொடுத்தாள்.

"தம்பி, நீ படிக்காத. பிரிண்ட் மட்டும் எடு."

"சரிக்கா" என்றேன்.

படித்தேன். முழுவதும் படித்தேன். அந்த ஆள் எழுதியதெல்லாம் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது போல இருந்தது. அக்கா எழுதியது அப்படி இல்லை. 'இன்னிக்கு லைன்ல ஒரு பொண்ணு அழுதுச்சு. வீட்டுக்கு அனுப்பிட்டு அது வேலையையும் நானே செஞ்சேன். நீங்க சாப்டீங்களா?' 'கடல் எப்படி இருக்கு? இங்க மழை. துணி காயல. நீங்க சாப்டீங்களா?' எல்லா மெசேஜும் அந்தக் கேள்வியில்தான் முடிந்தது. ஒரே வீட்டில் இருந்த எனக்கு அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்று அந்தத் தாள்களில்தான் தெரிந்தது.

அந்த வாரமே பாட்டை எழுதிவிட்டேன். எழுதினேன் என்று சொல்லக்கூடாது. அவள் வரிகளை அடுக்கி, முடிவில் பணத்தோடு அந்தக் கணக்கு மறைந்ததை மட்டும் சேர்த்தேன்.

"யாரோட மெசேஜ்டா இது?" என்று டிரம்ஸ்காரன் கேட்டான்.

"சும்மா, கற்பனை."

பாடகி அந்தப் பாட்டை ஒரே டேக்கில் பாடி முடித்தாள். இதுதான் ஆல்பத்தின் உயிர் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அக்காவிடம் கேட்கவேண்டும் என்பதும் தெரிந்தது. கேட்டால் வேண்டாம் என்பாள் என்பதும் தெரிந்தது. அதனால் கேட்கவில்லை.

ஆல்பம் வெளியாவதற்கு முன் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் ஞாயிறு மத்தியானம் வாசித்தோம். நாற்பது நாற்காலி போட்டிருந்தோம், நிறைந்துவிட்டது. அக்கா எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வந்ததே கிடையாது. அன்று மூன்றாவது பாட்டு முடிந்தபோது மாடிப்படியின் பக்கத்தில் அவள் நிற்பதைப் பார்த்தேன். பெர்ரி படகில் கடலைக் கடந்து வந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கை காட்டினாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் என்னைக் காட்டி என்னவோ சொன்னாள்.

கடைசியில் இருந்த அந்த எட்டாவது பாட்டைப் பாடவேண்டாம் என்று என்னால் சொல்லியிருக்க முடியும். பாடகி என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில்தான் நின்றாள். சொல்லவில்லை. கூட்டம் அதைக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இன்றுவரை எனக்கு உறுத்துவது அந்த ஆசைதான்.

பாட்டு தொடங்கியதும் பலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அக்கா அசையாமல் கேட்டாள். இரண்டாவது 'நீங்க சாப்டீங்களா' வந்தபோது கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கைதட்டல் அடங்கி நான் இறங்கி ஓடியபோது அவள் போய்விட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தேன். அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பேரு எதுவும் போடல. யாருக்கும் தெரியாது லா."

"எனக்குத் தெரியும்ல."

அக்கா ஒரு துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"படிக்காதன்னு சொன்னேன். சரிக்கான்னு சொன்ன."

"தப்புதான்."

"அந்த ஆளோட மூஞ்சிகூட எனக்குத் தெரியாது. உன்ன நான் தூக்கி வளத்தேன்." குரலை உயர்த்தவில்லை. என் சட்டைகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மற்ற இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். டிரம்ஸ்காரன் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பாட்டின் கோப்புகளை அழித்தான். சிறுவயதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டவன் அவன். பாடகிதான் கத்தினாள். "கற்பனைன்னு சொல்லி என்னைப் பாட வச்சிட்டியே. அவங்க முன்னாடியே நின்னு பாடியிருக்கேன்." இரண்டு மாதம் அவள் பிராக்டிஸுக்கு வரவில்லை.

ஆனால் மாடியில் யாரோ எடுத்த வீடியோ அதற்குள் இணையத்தில் ஏறியிருந்தது. எடுத்தவருக்கு எழுதினேன். அவர் உடனே நீக்கிவிட்டார். அதற்குள் வேறு இரண்டு பேர் போட்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. நூற்றுக்கணக்கில் பின்னூட்டங்கள். அழுதுவிட்டேன் என்றார்கள் பலர். 'இப்படியும் ஒரு ஏமாளி இருப்பாளா' என்று சிரித்தார்கள் சிலர். அக்காவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவளுடைய லைனில் வேலை செய்யும் ஒரு பெண்தான், விஷயம் தெரியாமல், சாப்பாட்டு நேரத்தில் "அக்கா, இந்தப் பாட்டக் கேளுங்க" என்று காட்டியிருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை காலை அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். எல்லாப் பின்னூட்டங்களையும் படித்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஓரிடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் எதையோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள்.

"என்னக்கா எழுதறீங்க?"

"உனக்கு எதுக்கு?"

எல்லோருக்கும் தெரியும்படிதான் எழுதியிருந்தாள். அதனால் நானும் பிறகு படித்தேன். சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு பெண், தன் அம்மா இப்படி ஒருவனோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள், சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள், வீட்டில் தினமும் சண்டை என்று எழுதியிருந்தாள். அக்கா அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: 'இந்தப் பாட்டுல வர்ற மெசேஜ் என்னோடது. அம்மாவத் திட்டாதீங்க. திட்டினா இன்னும் மறைப்பாங்க. நான் வேணா அவங்ககிட்ட பேசறேன்.'

சொந்தப் பெயரில், கோயிலில் எடுத்த படத்தோடு இருக்கும் கணக்கிலிருந்து எழுதியிருந்தாள். தொழிற்சாலையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒரு வாரம் சிலர் அவள் முதுகுக்குப் பின்னால் பேசினார்களாம். பிறகு இரண்டு பெண்கள் தனித்தனியாக அவளிடம் வந்து தங்கள் போனைக் காட்டினார்களாம்.

சுங்கை பட்டாணி அம்மா முதலில் அக்காவின் போனை எடுக்கவே இல்லை. ஆறாவது தடவை எடுத்தார். "அவரு அப்படிப்பட்டவரு இல்லம்மா" என்றாராம். அக்கா வாதம் செய்யவில்லை. "நானும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மூன்று மாதம் கழித்து அந்த அம்மா தானாகவே அந்த எண்ணைத் தடைசெய்தார்.

எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே, பாட்டை மறுபடி ரெக்கார்ட் செய்து ஆல்பத்தில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். முதன்முறையாகக் கேட்டேன்.

"வேணாம்" என்றாள். "நான் சொன்னது வேற. நீ எடுத்தது வேற."

அதன் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆல்பத்தை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பாடகி திரும்பி வந்துவிட்டாள். அக்காவும் நானும் பேசுகிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம். ஆனால் என் முன்னால் அவள் சொற்களை எடைபோட்டுப் பேசுவது எனக்குத் தெரிகிறது. நான் செய்ததற்கு அது நியாயம்தான்.

போன மாதம் அக்கா அந்தச் சுங்கை பட்டாணி அம்மாவை நேரில் பார்க்கப் பஸ்ஸில் போனாள். பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டேன். மாலை அழைத்துவரப் போனபோது, கையில் ஒரு பெரிய பையோடு நின்றாள். நிறைய முருங்கைக்கீரை.

"அவங்க வீட்டுப் பின்னால மரம். வேணாம்னாலும் விடல" என்றாள்.

வழியெல்லாம் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் குறுக்கிடாமல் காடியை ஓட்டினேன்.