ஒட்டிக்கொண்ட இரண்டு டைனோசர்கள்

கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கையில், செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் இரண்டு டைனோசர்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. எழுபதுகளின் தொடக்கம். நான் கிண்ணியாவில் ஒரு பாடசாலையில் தற்காலிக விஞ்ஞான ஆசிரியர். மாணவர் வயற்களியில் செய்த உருவங்களை ஈரம் காயுமுன் ஒரே பலகையில் நெருக்கி வைத்தது என் பிழை. ஊனுண்ணியின் தோள் தாவரவுண்ணியின் விலாவில் பதிந்து அப்படியே காய்ந்துவிட்டது. பிரித்தால் இரண்டும் உடையும். கண்காட்சியைப் பார்த்து வட்டாரக் கல்வி அதிகாரி எழுதும் அறிக்கையில்தான் என் நியமனம் நிரந்தரமாவது தங்கியிருந்தது.

புதன்கிழமை நூலகத்தில் இருந்து யோசித்தேன். நீண்ட கழுத்து தூரத்து ஆபத்தை முதலில் காணும். கூர்ப்பல் மற்ற வேட்டை விலங்குகளைத் துரத்தும். இவை ஏன் கூடி வாழ்ந்திருக்கக் கூடாது? "ஒன்றுக்கொன்று உதவி வாழ்ந்திருக்கலாம்" என்று அட்டையில் எழுதிப் பலகையில் ஒட்டினேன்.

சனிக்கிழமை பட்டணத்துக்குக் கொண்டுபோகப் பலகையைத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏற்றினோம். அட்டையை வாசித்த மீன்காரர் ஒருவர் தலையாட்டினார்.

"ஓம் மாஸ்டர், சுறாவோட சின்ன மீன் கூடியே போகும். சுறா தொடாது."

பக்கத்தில் நெல்மூட்டையில் இருந்த கமக்காரர் விடவில்லை; அண்ணன் முறையில் அவரைக் 'காக்கா' என்று அழைத்தே மறித்தார்.

"காக்கா, அது உங்கட கடல். சிறுத்தை கன்றுக்குட்டிக்குக் காவல் நிண்டதைக் கண்டிருக்கிறீங்களோ?"

"வயிறு நிறைஞ்சா சும்மா நிக்கும்."

"பிறகு பசிக்குந்தானே."

இருவரும் சொன்னது சரியாகவே பட்டது. கரையிறங்கும்போது, எழுதியதை நானே நம்புகிறேனா என்று தெரியவில்லை.

கண்காட்சியில் அதிகாரி அட்டையை இருமுறை வாசித்தார்.

"மாஸ்டர், இது எந்தப் புத்தகத்தில கிடக்கு?"

"ஒண்டிலயும் இல்ல சேர். என்ர யோசனை."

"எப்ப வந்த யோசனை?"

நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதும் என்னிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"உருவங்கள் ஒட்டினது செவ்வாய் சேர். யோசனை வந்தது புதன்."

"அப்ப இதுகள் கூடி வாழ்ந்தது உங்கட பலகையில மட்டும்."

"மட்டும் எண்டு சொல்ல ஏலாது சேர். இல்லை எண்டும் சொல்ல ஏலாமக் கிடக்கு."

அவர் சிரிக்காமல் அடுத்த மேசைக்குப் போனார்.

அறிக்கையின் பிரதி அடுத்த மாதம் வந்தது. "ஊகம் அதிகம். ஒளிக்கத் தெரியாதவர். நிரந்தரமாக்கலாம்." முதலிரண்டும் குறையா மெச்சலா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஊகிப்பதில் பிழையில்லை. ஆனால் அது எந்த நாளில், எந்த இக்கட்டில் பிறந்தது என்பதையும் அதே அட்டையில் எழுதிவிடுங்கள்.