ஏழாவது கேள்வி

என் வீட்டுக்காரர் சட்டமன்ற உறுப்பினர். அதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊரில் இன்றும் அவருக்குப் 'பஞ்சர்' என்றுதான் பெயர். தேர்தலில் ஜெயித்த அன்றுகூட வாசலில் 'பஞ்சர் வாழ்க!' என்றுதான் கத்தினார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

சபை நடக்கும் வாரங்களில் திங்கள் முதல் வியாழன் வரை தலைநகரில் இருப்பார். உறுப்பினர் விடுதியில் அறை. அங்கே ஃபேனில் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் என்பார். வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து இறங்குவார். சனிக்கிழமை விடிந்ததுமே எங்கள் முன்னறை நிரம்பிவிடும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதில் தொடங்கி, மருமகன் அடிக்கிறான் என்பது வரை எல்லாம் அவர் தலையில்தான் விழும். நான் ஓரமாக நாற்காலி போட்டு மனுக்களை நோட்டில் எழுதுவேன். சம்பளமில்லாத உத்தியோகம்.

அப்படி ஒரு சனிக்கிழமை வந்தவர்தான் தையல்காரம்மா. கணவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸ் செய்ய வாரம் இரண்டு தடவை மூன்று மணி நேரம் பஸ்ஸில் கூட்டிப் போகிறார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே அந்த மெஷின் இருக்கிறது. இயக்க ஆள் போடாததால் ஒரு வருஷமாக உறை போட்டு மூடியே கிடக்கிறது. என் வீட்டுக்காரர் அதைச் சபைக்குக் கேள்வியாக எழுதிக் கொடுத்தார். குலுக்கலில் ஏழாவதாக வந்தது. கேட்டுவிட்டால் மந்திரி எல்லார் முன்னாலும் ஒரு தேதி சொல்லியாக வேண்டும். "நானும் வந்து பாக்கலாமாய்யா?" என்று தையல்காரம்மா கேட்டார். பார்வையாளர் மாடத்துக்கு இவரே பாஸ் வாங்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை மூன்றாவது கேள்வி இழுத்துக்கொண்டே போனதாம். நம் முறை வர நேரமாகும் என்று இவர் எழுந்து கேன்டீனுக்குப் போயிருக்கிறார், டீ குடிக்க. நாலு, ஐந்து, ஆறு கேட்க வேண்டியவர்கள் அன்று சபைக்கே வரவில்லை. மளமளவென்று ஏழு வந்துவிட்டது. கூப்பிடும்போது ஆள் இருக்கையில் இல்லையென்றால் கேள்வி போச்சு. மறுபடி கேட்க அடுத்த கூட்டத்தொடர் வர வேண்டும். இவர் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது எட்டாவது கேள்வி ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே தையல்காரம்மா காத்திருந்தார்.

"உங்களக் கூப்பிட்டாங்கய்யா. யாரும் எழுந்திரிக்கல. நானே எழுந்து நின்னுட்டேன், காவலர் உக்கார வெச்சுட்டாரு. ஏதும் அவசரமாய்யா?"

அப்போதே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"மந்திரி தன் ரூமுக்குக் கூப்பிட்டாரும்மா. உங்க விஷயமாத்தான் பேசிட்டிருந்தேன்."

"என்ன சொன்னாரு?"

"சீக்கிரம் ஆள் போடறேன்னாரு."

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாராம்.

வெள்ளிக்கிழமை இவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னார். "காலைல போய் உள்ளதச் சொல்லிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்க, அடுத்த தடவ கேட்டுக்கலாம். இருக்கிற பேரையும் கெடுத்துக்காதீங்க" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாங்கள் போகவில்லை. மறுநாள் காலை அவர்களே வந்தார்கள், கணவனும் மனைவியுமாக. தையல்காரம்மா முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"நாங்க பஸ்ல போற ஆஸ்பத்திரில எங்க முறைய வேற ஒருத்தருக்குக் கேக்கறாங்கய்யா. இங்கதான் ஆள் வரப்போகுதே, விட்டுக் குடுத்துடலாமா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"விட்டுடாதீங்கம்மா," என்றார். "நான் மந்திரியப் பாக்கவே இல்ல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். டீ குடிக்கப் போயிருந்தேன்."

தையல்காரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கணவர்தான் பேசினார். சத்தியமாகக் குத்தலாக இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார்.

"டீ நல்லா இருந்துச்சாய்யா? கிட்னி போனதுலேர்ந்து டாக்டர் எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான் குடிக்க விடறாரு. மாத்திரைக்கே சரியாப் போயிடுது. டீ குடிச்சு எட்டு மாசம் ஆச்சு."