பொறையா, வர்க்கியா

எங்கள் ஹீரோவின் ஆன்லைன் ரசிகர் குரூப்பில் எல்லோரும் புரொஃபைலில் வைத்திருப்பது அவர் முகத்தைத்தான். அதனால் பார்க்கிறவர்களுக்கு அவரை அவரே திட்டிக்கொள்வதுபோல் இருக்கும். ஒரு பழைய படத்தில் அவர் டீயில் முக்கியது உருண்டைப் பொறையா, ஏடு ஏடாக உதிரும் வர்க்கியா என்று பல மாதமாகச் சண்டை. கண் தெரிகிற எவரையும்போல நான் பொறைக் கட்சி. வர்க்கிக் கட்சியின் தலைவர் எர்ணாவூரில் லாரி ஓட்டுகிறவர். பக்கத்திலேயே திருவொற்றியூரில் இருந்துகொண்டும் நான் அவரை நேரில் பார்த்ததில்லை.

திடீரென்று ஒரு வாரம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. எங்கள் குரூப்பில் நலம் விசாரிக்கிற வழக்கம் கிடையாது. விசாரித்தால் கலாய்த்தே விரட்டிவிடுவார்கள். எனக்கோ மனசு கேட்கவில்லை. "பொறையும் இல்ல, வர்க்கியும் இல்ல, அது பன்னு" என்று கொளுத்திப் போட்டேன்.

உடனே பதில் வந்தது. "இன்னா மாமு, ஆபரேசன் ஆயி ஆஸ்பத்திரில படுத்துகினுகீறேன். அந்த கேப்புல பன்னுன்றியா?"

"டீக்கு இன்னா குடுக்குறாங்கோ?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர்கள் வாங்கி வந்ததைப் படம் எடுத்து அனுப்பினார். டம்ளர் பக்கத்தில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் உருண்டையாக ஒரு பொறை. கீழே எழுதியிருந்தார்: "நல்லா பாத்துக்கோ, வர்க்கி."

ஆள் தேறிவிட்டார் என்று தெரிந்தது. நிம்மதியாகத் திட்ட ஆரம்பித்தேன்.